சரியான கணக்குக்கு ஒரு ரொபி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தள்ளிப்போட்டதற்கு வெட்கம்தான் காரணம். நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். வெளியே விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளைக் கால் கழுவாமல் வாசல்படி ஏறவிட மாட்டேன். அப்படி இருந்தும் என் மகனுடைய மூன்று பற்களை ஏழு வயதாவதற்குள் நானே கெடுத்தேன். கவனிக்காமல் விட்டு அல்ல. பக்கத்தில் இருந்து கவனித்து, பாராட்டி, ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு ரொபியைக் கையில் கொடுத்துக் கெடுத்தேன்.

எங்கள் வீடு கொக்குவிலில். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நான், மாமி, மகள், மகன். மகளுக்கு எழுத்துத் தானாக வந்தது. சின்னவன் அப்படியில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது அரிசியில் 'அ' எழுதியதோடு தன் கடமை முடிந்துவிட்டது என்று நினைத்தான் போலும். முன்பள்ளிக்குப் போய் ஆறு மாதமாகியும் கொப்பியைக் கண்டால் மேசைக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவான். அலுவலகத்தில் ஒரு அக்கா சொன்னார்: "ஒரு வரி எழுதினா ஒரு ரொபி எண்டு சொல்லிப் பாருமன்." அன்று பின்னேரமே ஒரு பக்கற் வாங்கிப் பழைய ஜாம் போத்தலில் போட்டு மேசையில் வைத்தேன். ஒரு வாரத்தில் 'ஔ' வரை எழுதிவிட்டான். நான் அதை வீடியோ எடுத்துக் கட்டாருக்கு அனுப்பினேன். அவர் அழுதுவிட்டார்.

ரொபி வேலை செய்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. எழுத்துக்கு வந்தது கணக்குக்கும் வந்தது. ஐந்து கூட்டல் கணக்குச் செய்தால் ஐந்து. தேவாரம் பாடமாக்கினால் இரண்டு. மாமிக்குக் குளிசைப் போத்தல் எடுத்துக் கொடுத்தால் ஒன்று. இதற்கு மேல், எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இனிப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. இனிப்பு அவனைத் தேடி வரும். கடைக்காரர் ஐந்து ரூபாய் மிச்சத்துக்குச் சில்லறை இல்லையென்று ரொபி தருவார். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒவ்வொரு கையிலும் இரண்டு விழும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் சொந்தங்கள் பெட்டியைத் திறந்தால் மேலே இருப்பது சொக்கிலேட்தான். அந்த இருபத்தைந்து நாளும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் கறிக்கு இடமிருக்காது. யார் வந்தாலும் ஒரே வசனம்: "நல்லாப் படிக்கிறாராமே, இந்தாங்கோ." படிப்புக்கும் இனிப்புக்கும் இடையில் அந்தச் சின்ன மண்டையில் ஒரு கம்பி இழுத்துக் கட்டப்பட்டுவிட்டது. கட்டியவள் நான், இறுக்கியவர்கள் மற்றவர்கள்.

முதல் அறிகுறியைக் கண்டும் விட்டேன். கடைவாய்ப் பல்லில் பென்சில் கோடு போல ஒரு மண்ணிறக் கோடு. "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று மாமி சொன்னார். நானும் அதைத்தான் நம்பினேன். சில மாதத்தில் அது குழியானது. தனியார் இடமொன்றில் அடைத்தோம். மூன்று வாரத்தில், அவன் ரொபி மென்றுகொண்டிருந்தபோது, அடைத்தது கழன்று ரொபியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பிறகு போவம்" என்று விட்டேன். அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை, மகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு, காரணத்துக்கா பஞ்சம்?

2023 கார்த்திகை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். வியாழன் இரவு சின்னவன் சாப்பிடாமல் படுத்தான். பத்து மணிக்கு அழுதுகொண்டு எழும்பினான். மாமி தன்னுடைய கைவைத்தியமாகக் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்துப் பல்லில் வைத்தார். கொஞ்சம் அடங்கியது. ஒரு மணிக்குத் திரும்ப எழும்பியபோது எண்ணெய் பட்ட பல்முரசு வெள்ளையாகப் பொங்கியிருந்தது, இடது கன்னம் வீங்கியிருந்தது, உடம்பு கொதித்தது. கட்டாருக்கு எடுத்தேன், அங்கே இரவு பத்தரை. "என்ன செய்யலாம்?" என்று அவர் என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன். மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து ஒரு மனிதன் வேறு என்ன கேட்க முடியும்? இரண்டு மணிக்கு வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறியது. தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியை எழுப்பி, பிள்ளையைத் துவாயில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு போனேன். ஓட்டோவின் பக்கச் சீலை காற்றில் அடித்து என் தோள் முழுக்க நனைந்தது. அந்தப் பாதையில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

இந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றிரவு எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. பல்வலி மட்டும் என்றால் உடல் நிறைக்குப் பொருத்தமான அளவில் பரசிற்றமோல் கொடுத்துக் காலைவரை சமாளிக்கலாம். ஆனால் கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வீக்கம் கண் பக்கமோ தாடைக்குக் கீழேயோ போனால், அல்லது பிள்ளைக்கு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்கே போங்கள். வீக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். கராம்பு எண்ணெயைத் தனியாக முரசில் வைத்தால் தோலைச் சுடும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். சில வீடுகளில் வலிக்குளிசையை நொறுக்கிப் பல்லடியில் வைப்பார்கள், அதுவும் புண்ணாக்கும்.

அன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தந்து வீக்கத்தை இறக்கினார்கள். அதன் பிறகுதான் பல் வைத்தியரிடம் உண்மையான கதை ஆரம்பித்தது. எக்ஸ்றேயில் மூன்று பல்லில் நரம்புவரை சூத்தை. ஒன்றைக் காப்பாற்ற முடியாது, பிடுங்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் உள்ளே சுத்தம் செய்து உருக்குத் தொப்பி போட வேண்டும். பிடுங்கிய இடத்தில் பக்கத்துப் பல் சாயாமல் இருக்க ஒரு கம்பி வளையம் மாட்ட வேண்டும். "பால்பல்தானே டொக்டர்?" என்று கேட்டேன். கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியது என்றும், அடியில் இருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். இன்னொன்றும் காட்டினார். ஆறு வயதளவில் பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். பெரும்பாலான பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுவார்களாம். சின்னவனுக்கு அது அப்போதுதான் பாதி வெளியே வந்திருந்தது. உயிரியல் படித்த எனக்கு அப்படியொரு பல் இருப்பதே தெரியாது.

செலவைச் சொல்கிறேன். விழுந்துபோன முதல் அடைப்பு 4,500 ரூபாய். எக்ஸ்றே 1,500. இரண்டு பல்லுக்கு நரம்பு வைத்தியமும் தொப்பியும் 38,000. பிடுங்கியது 3,000. கம்பி வளையம் 12,000. மருந்து, ஓட்டோ எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 65,000 ரூபாய். பதினொரு நாள் லீவு. மாதம் ஆயிரம் ரூபாயும் வராத ரொபிக்கு வந்த வட்டி இது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது எப்போதென்றால், எல்லாம் முடிந்த பிறகு சக ஊழியர் ஒருவர் சாதாரணமாக, "ஏன், பள்ளிக்கூடப் பல் கிளினிக்குக்குக் காட்டேல்லையோ?" என்று கேட்டபோது. மூன்று வயது முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளுக்கு அரச பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். சில பெரிய பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே இருக்கிறது, அரச வைத்தியசாலைகளோடும் இருக்கிறது. அந்த மண்ணிறக் கோடு கண்ட அன்று அங்கே போயிருந்தால் ஒரு சதமும் செலவில்லாமல் முடிந்திருக்கலாம். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எந்த நிலையம் என்று வகுப்பு ரீச்சரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால் சொல்வார்கள். வலி வரும்வரை காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போங்கள்.

வைத்தியர் கேட்ட ஒரு கேள்வியில்தான் எனக்கு எல்லாம் வெளித்தது. எத்தனை ரொபி சாப்பிடுவான் என்று அவர் கேட்கவில்லை. ஒரு நாளில் எத்தனை தரம் என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். விடியத் தேத்தண்ணி, பள்ளிக்கூடத்தில் ஒன்று, கடையில் மிச்சக் காசுக்கு ஒன்று, பின்னேரம் கணக்குக்கு அரை மணிக்கு ஒன்றாக நாலைந்து, படுக்க முன்னம் சீனி போட்ட பால். வாயில் இருக்கும் பக்டீரியா சீனியை அமிலமாக்கும். ஒவ்வொரு தரமும் அந்த அமிலம் அடங்க அரை மணித்தியாலத்துக்கு மேலாகும். அடங்கமுதல் அடுத்தது வந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஒரே இருப்பில் சோறோடு ஒரு கிண்ணம் பாயாசம் குடிக்கிற பிள்ளையைவிட, நாள் முழுக்க ஒவ்வொன்றாக ரொபி சூப்புகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. யோசித்துப் பாருங்கள், பரிசு என்ற பெயரில் நாங்கள் செய்வது இதைத்தான். மொத்தமாகக் கொடுக்காமல் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு சரிக்கும் ஒன்றாக, நாள் முழுக்கப் பரப்பிக் கொடுக்கிறோம். பல்லைக் கெடுக்க இதைவிடத் திட்டமிட்ட வழி இருக்க முடியாது.

பற்பசை பற்றியும் நான் பிழையாகத்தான் நினைத்திருந்தேன். சிறுவர் பற்பசை என்று படம் போட்டு விற்பவற்றில் சிலவற்றில், பல்லைச் சூத்தையில் இருந்து காக்கும் புளோரைட் குறைவு. பின்பக்கம் திருப்பி, புளோரைட்டின் அளவு 1,000 பிபிஎம்முக்குக் (ppm என்று போட்டிருக்கும்) குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவு, அதற்குக் கீழே ஒரு அரிசி அளவு. தீட்டியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசி அலசிக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். ஏழெட்டு வயதுவரை இரவில் நீங்களே தீட்டிவிடுங்கள். "அவன் தானாத் தீட்டுறான்" என்று பெருமைப்பட்டவள் நான்.

பல் பிடுங்கிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பஞ்சைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் காயாமல் கதிரையில் இருந்தவனுக்கு நான் என்ன கொடுத்துச் சமாதானம் செய்வது என்று தெரியவில்லை. என் கைப்பையில் ரொபி இருந்தது. அதை வெளியே எடுக்க முடியாத வெட்கத்தோடு நின்றேன். அப்போது வைத்தியர் ஒரு புதுக் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, பேனையால் கண்ணும் பல்லும் கீறி, அதில் ஒரு பல்லை மட்டும் கறுப்பாக்கி அவனிடம் கொடுத்தார். "இவரும் இண்டைக்கு ஒரு பல்லுக் குடுத்திட்டார்" என்றார். அழுத முகத்தில் அவன் சிரித்தான். அந்தக் கையுறையை மூன்று கிழமை வைத்திருந்தான். சுருங்கி, கொடுக்காப்புளி மாதிரி ஆனபிறகும் எறியவிடவில்லை. எத்தனையோ நூறு ரொபி கொடுத்திருக்கிறேன், ஒன்றையாவது மூன்று கிழமை ஞாபகம் வைத்திருப்பானா?

அதற்காக அடுத்த நாளே திருந்திவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நான் செய்த முதல் பிழை, போத்தலை ஒரே இரவில் தூக்கி எறிந்தது. காலையில் அவன் கேட்டது, "நான் என்ன குழப்படி செய்தனான்?" பரிசை நிறுத்தினால் பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதலே உட்கார்ந்து, "பல்லுக்கு இது கூடாது, இது அம்மா செய்த பிழை, இனி வேறமாதிரிக் கொண்டாடுவம்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கிழமைக்குப் பிறகுதான் சொன்னேன். இரண்டாவது பிழை, ரொபிக்குப் பதிலாகப் பக்கற் ஜூஸ். "பழம்தானே" என்று வாங்கினேன். 2016இல் இருந்து எங்கள் நாட்டில் மென்பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. அதைப் பார்க்காமலே வாங்கிய நான், பார்த்தபிறகு விட்டேன். மூன்றாவது, காசு. ஒரு பாடத்துக்கு இருபது ரூபாய். அவன் அதைக் கொண்டுபோய் மூலைக்கடையில் ரொபி வாங்கினான். அது என் முட்டாள்தனம், அவனில் பிழையில்லை. நாலாவது, போன். பத்து நிமிடம் என்று கொடுத்தால் பறித்தெடுக்க அரை மணி யுத்தம். ஐந்தாவது, ஸ்ரிக்கர். இரண்டு கிழமை நட்சத்திரம் ஒட்டினோம், மூன்றாம் கிழமை அவன் நட்சத்திரத் தாளை மாமியின் காலண்டரில் ஒட்டி முடித்துவிட்டான்.

இவை எல்லாவற்றிலும் ஒரே நோய் இருந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது. ஒருநாள் சாப்பிட முன்னம் கை கழுவச் சொன்னேன். "கழுவினா என்ன தருவீங்கள்?" என்றான். இனிப்பை நிறுத்தியிருந்தேன், ஆனால் கூலி கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தவில்லை. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து முன்பள்ளியில் செய்த ஒரு ஆய்வை அந்த நாட்களில்தான் வாசித்தேன். ஏற்கெனவே கீறுவதில் விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு, கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முதலே சொல்லிவிட்டு, பிறகு கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல், கீறி முடித்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், முதலே வாக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களில் பாதியளவு நேரம்தான் கீறும் பேனைகளைத் தொட்டார்கள். சொல்லாமல் கொடுத்தவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. மேசையில் ரொபிப் போத்தலை வைத்துவிட்டுக் கணக்குக் கொப்பியை விரித்த என்னுடைய பின்னேரங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

பிறகு வழி கிடைத்தது எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்துதான். தை மாதத்தில் மாமி பித்தளைத் தட்டத்தை மினுக்கிக்கொண்டிருந்தார். "இதிலதான் இவனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை வச்சனாங்கள்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதல் பல் முளைத்தவுடன் பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி விரித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்திய கொழுக்கட்டையை மேலே கொட்டுவோம். முன்னால் தட்டத்தில் கொப்பி, பேனை, சங்கிலி, காசு எல்லாம் வைப்போம். பிள்ளை எதைத் தொடுகிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். சின்னவன் பேனையை எடுத்தவன். அந்தப் பேனையை எடுத்தவனை எழுத வைக்கத்தான் நான் ரொபிப் போத்தலோடு நின்றேன்! எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: அன்று கொழுக்கட்டையைச் சாப்பிட்டது நாங்கள். பிள்ளையின் பங்கு, எல்லாரும் சுற்றியிருந்து பார்க்க ஒன்றைத் தெரிந்தெடுப்பது. அவனுடைய முதல் கொண்டாட்டத்தில் அவன் வாய்க்குள் ஒன்றும் போகவில்லை.

அந்தத் தட்டத்தையே திரும்ப எடுத்தோம். கடதாசித் துண்டுகளில் எழுதி மடித்து வைத்தோம். எழுதியது நான் மட்டுமில்லை, பிள்ளைகளும் மாமியும் சேர்ந்து. அப்பாவோடு அக்கா இல்லாமல் தனியாக இருபது நிமிட வீடியோக் கதை. பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு சனிக்கிழமை முழுக்க. பண்ணைக் கடற்கரையில் அந்திக்குச் சைக்கிள். ஒரு இரவு விறாந்தையில் பாய் போட்டு எல்லாரும் படுப்பது. அப்பம்மா தன் சின்ன வயதுக் கதை ஒன்று சொல்வது, இதுவரை சொல்லாதது மட்டும். மாமி இதற்காக இரவில் கிடந்து யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். பட்டம் கட்டுவது. பட்டக் காலத்தில் அந்தத் துண்டு வந்தால் வீடே இரண்டாகும். மூங்கில் சீவ மாமா வருவார், விண் கூவும் பட்டமாக இருக்க வேண்டும், கொக்கா பிராந்தா என்று சண்டை நடக்கும். ஒரு பட்டத்துக்குச் சீலை, நூல் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைப் பார்க்கப் போனது பஸ் காசு மட்டும்.

இதில் நாங்கள் பிடித்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றே ஒன்று. தட்டம் எப்போது வெளியே வரும் என்று முதலே சொல்வதில்லை. "இதைச் செய்தால் தட்டம்" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. வந்த புள்ளியைப் பார்த்தும் எடுப்பதில்லை. கடன் கழித்தல் பிடிபடாமல் ஒரு கிழமை அழுதவன் ஒருநாள் தானாகச் செய்து காட்டியபோது எடுத்தோம். தொண்ணூறு புள்ளி வந்த நாளில் எடுக்கவில்லை. அன்று அந்தக் கொப்பியை எல்லாரும் பார்த்தோம், எந்தக் கேள்வி கஷ்டமாயிருந்தது என்று கேட்டோம், அவ்வளவுதான். "கெட்டிக்காரன்" என்று சும்மா சொல்வதைவிட, "இந்த இடத்தில பிழை விட்டிட்டு நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்கிறியள்" என்று சொன்னால் அவன் முகம் வேறுமாதிரி மலர்கிறது. தட்டத்தைப் பற்றி ஒரு வில்லங்கமும் உண்டு. ஒரு துண்டில் "ஒட்டு மாங்கன்று நடுவது" என்று எழுதினேன். கறுத்தக்கொழும்பான் கன்று வந்தது. "அப்ப இதுவும் சாப்பாட்டுப் பரிசுதானே?" என்று மாமி மடக்கினார். காய்க்கச் சில வருடம் செல்லும், அதுவரை பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வெளியேதான் கஷ்டம். இல்ல விளையாட்டுப் போட்டியில் அவன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தபோது பக்கத்து வீட்டு அன்ரி படலையடியில் நின்று, "என்ன பிள்ளை, பொடியன் கப் எடுத்திருக்கிறான், ஒரு கேக் துண்டும் இல்லையோ?" என்றார். கஞ்சத்தனம் என்று ஒரு கதை ஒழுங்கை முழுக்கப் போனது எனக்குத் தெரியும். அடுத்த தரம் அவனே போய் அன்ரியைக் கூட்டிவந்து பட்டத்தை ஏற்றச் சொன்னான். அவர் சேலையைச் சொருகிக்கொண்டு நூல் பிடித்தார். அதற்குப் பிறகு கேக் கதை வரவில்லை. வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்கு ஒரு மாதம் முன்னமே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன்: சொக்கிலேட் வேண்டாம், நிறப்பென்சில், தமிழ்ப் புத்தகம், இல்லாவிட்டால் பிள்ளையோடு ஒரு பின்னேரம். முதலில் ஒரு மச்சாள் கோபித்தார். கோபம் ஒரு கிழமையில் போனது. பிறந்தநாளுக்கு வகுப்பில் ரொபிக்குப் பதிலாக ஆளுக்கொரு பென்சில் கொடுத்தோம். ரீச்சரிடம் முதலே கேட்டோம், அவர் சந்தோஷப்பட்டார். மாமிதான் கடைசிக் கோட்டை. "ஒரு துண்டு கற்கண்டு குடுத்தா பல்லு விழுந்திடுமோ?" அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, கம்பி வளையம் பூட்டும் அன்று அவரையும் பல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அந்தக் கதிரையில் பேரன் வாய் திறந்து கிடந்ததைப் பார்த்தவர், வீட்டுக்கு வந்து சாமித்தட்டில் இருந்த கற்கண்டுப் போத்தலைத் தானே மேல்தட்டுக்கு ஏற்றினார்.

இனிப்பை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பொங்கலுக்குப் புக்கை, தீபாவளிக்குப் பயத்தம் பணியாரம், கோயிலில் மோதகம், பனங்காய்க் காலத்தில் பனங்காய்ப் பணியாரம். எல்லாம் சாப்பாட்டோடு, எல்லாருக்கும், நாளுக்கு உரியதாக. புக்கை கணக்குத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே அளவுதான். ஒருவன் செய்த வேலைக்குக் கூலியாக இனிப்பு கொடுப்பதைத்தான் நிறுத்தினோம்.

சின்னவனிலேயே கண்ணாக இருந்ததில் மகளைக் கோட்டை விட்டிருந்தேன். மாசி மாதத்தில் மெத்தையைத் திருப்பிப் போட்டபோது கீழே சொக்கிலேட் உறைகள், இருபதுக்கு மேல். பத்து வயது. புலமைப்பரிசில் வகுப்பில் ஒவ்வொரு மாதிரி வினாத்தாளுக்கும் அதிக புள்ளி எடுப்பவருக்கு ஒரு சொக்கிலேட். அதை வீட்டில் சொன்னால் பறிப்பேன் என்று இரவில் ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறாள், பல் தீட்டிய பிறகு. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. பேசப் போனால், "குறைஞ்ச புள்ளி எடுத்த நாளிலயும் கடையில வாங்கிச் சாப்பிட்டனான், கவலையா இருந்தது" என்றாள். சந்தோஷத்துக்கும் அது, கவலைக்கும் அது. வென்றால் இனிப்பு என்று பழக்கியது நாங்கள், தோற்றால் ஆறுதலுக்கும் அதையே தேடும் என்பதை அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். நான் அவளைத் திட்டவில்லை. அடுத்த வினாத்தாள் மோசமாகப் போன நாளில் சைக்கிளில் பண்ணைக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வந்தோம். தோற்ற நாளுக்கும் ஏதாவது ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று அன்று விளங்கியது.

பரீட்சை முடிவு அடுத்த வருடம் தை மாதத்தில் வந்தது. வெட்டுப்புள்ளிக்கு மேல். காலை ஆறு மணிக்கே போன் அடித்தது, இரண்டு பேர் கேக் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். மகள் தட்டத்தைத் தானே எடுத்து வந்தாள். துண்டு எடுக்காமல், "நான் சொல்லலாமோ?" என்றாள். நெடுந்தீவு. குறிகாட்டுவான்வரை பஸ், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகு. மாமி முதல் ஐந்து நிமிடத்திலேயே சத்தி எடுத்தார், சின்னவன் கடைசிவரை பாட்டுப் பாடினான். பவளக்கல் மதில்கள், பெருக்கமரம், ஆளைக் கண்டால் காதை மட்டும் திருப்பும் குதிரைகள். வாழையிலையில் கட்டிக்கொண்டு போன புட்டை மரத்தடியில் வைத்துச் சாப்பிட்டோம். நாலு பேருக்கும் போக வர, அங்கே வாகனம் பிடித்தது உட்பட எட்டாயிரத்துச் சொச்சம் முடிந்தது. கணவர் அன்று வேலையில் நின்றபடி போனில் குதிரை பார்த்தார். படகில் திரும்பும்போது மகள் என் தோளில் சாய்ந்து நித்திரை. கேக் என்றால் அரை மணியில் முடிந்திருக்கும்.

போன மாதம் சின்னவனுக்கு மேல் முன்பல் ஒன்று விழுந்தது. சூத்தை இல்லாத, முழுப் பல். முற்றத்தில் நின்று, அணிலே என்ர பல்லை எடுத்துக்கொண்டு புதுப் பல்லுத் தா என்று கத்திக் கூரைமேல் எறிந்தான். முதல் எறி மாங்கன்றடியில் விழுந்தது, தேடி எடுத்துத் திரும்ப எறிந்தான். மாமி கேட்காமலே தட்டத்தோடு வந்துவிட்டார். அவன் துண்டு எடுக்கக் கையை நீட்ட, அக்கா தூணில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்: "அம்மா, எனக்கு முன்பல்லு விழேக்க நீங்கள் ரெண்டு ரொபிதான் தந்தனீங்கள். இதுவரைக்கும் பன்னிரண்டு பல்லு விழுந்திட்டுது. எனக்கு எத்தினை துண்டு வரவேணும் எண்டு கணக்குப் பாருங்கோ."

இப்போது அந்தக் கடனைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று முடிந்தது, ஒன்பது மிச்சம்.